காதால் காணும் படம்



திரைப்படத்தைப் ‘பார்த்தேன்’ என்று சொல்லுகிறோம். ‘கேட்டேன்’ என்று எவரும் சொல்லுவதில்லை. பேச்சில் அமைந்த இந்த வழக்கு நம் கருத்திலும் படிந்துவிட்டது. படம் என்பது கண்ணுக்குரிய கலை என்றும், காதுக்குக் கிடைப்பதெல்லாம் சமைத்து முடித்த கறியின்மேல் தூவும் கொத்தமல்லி போன்றது என்றும் எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் பொருந்துமா என்று ஆராய்வதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். திரையில் தோன்றும் ஒருவனை நாம் காண்பது கண்ணால். அவனோடு நாம் ஒன்றுபடுவது பெரிதும் காதால். நான் சொல்ல வந்த கருத்து இதுதான். இதற்குச் சான்றுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் உள்ளத்தை உருக்கிய ஒரு காட்சியை, ஒலியை முற்றும் அடக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். வாய் அசைகிறது, கண்ணீர் வழிகிறது, கைகள் நடுங்குகின்றன. ஆயினும் மூடிய கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் யாரோ அழுவதைப் பார்ப்பது போலவே இருக்கும். துன்பம் அவருடையதாகவே நின்றுவிடும். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அதே காட்சியின் ஒலியை மட்டும் கேளுங்கள். படம் மறைந்தாலும் துன்பம் மறையாது. அது உங்கள் அருகில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் சிறுவனாக இருந்த நாள்களில் வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்றொரு நிகழ்ச்சி வரும். திரைப்படத்தின் உரையாடலையும் பாட்டையும் சுருக்கி, ஒலியை மட்டும் ஒலிபரப்புவார்கள். எங்கள் ஊரில் கொட்டகை இல்லை. ஐந்து கல் நடந்தால்தான் படம் பார்க்கலாம். ஆகவே பல படங்களை நாங்கள் பஞ்சாயத்து வானொலிப் பெட்டிக்குக் கீழே அமர்ந்து காதால்தான் கண்டோம். 1965-ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமி என்னும் ஏழைப் புலவன் தனியே நின்று புலம்பும் பகுதியைப் படம் பாராதவர்களே ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார்கள். சொல்லை மட்டுமா? அந்தக் குரலின் இழுப்பையும் நடுக்கத்தையும் சேர்த்தே ஒப்பிப்பார்கள். பின்னாளில் அப்படங்களைத் திரையில் பார்த்தபோது அவை புதியனவாகத் தோன்றவில்லை. நெடுநாள் பழகியவர்களின் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பது போல இருந்தது.

காதுக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கண்ணின் தொழிலையும் காதின் தொழிலையும் ஒப்பிட்டு நோக்கினால் விளங்கும். கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு இமை இல்லை. கண் தனக்கு முன்னால் உள்ளதையே காணும். காதோ பின்னாலும் பக்கத்திலும் சுவருக்கு அப்பாலும் உள்ளதை அறியும். கண்ணால் காணும் பொருளுக்கும் நமக்கும் இடையே தொலைவு இருந்தே தீரும். ஒலி அத்தொலைவைக் கடந்து நம்மைச் சூழ்ந்துகொள்ளும். தாயின் முகத்தைக் காணுமுன்பே அவள் குரலைக் கருவிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

திரைப்படம் பிறந்த காலத்தில் அதற்குக் குரல் இல்லை. 1895-ஆம் ஆண்டு பாரிசு நகரில் லூமியே உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுப் படங்களைத் திரையிட்ட நாள்முதல் முப்பது ஆண்டுகளுக்குமேல் உலகம் ஊமைப்படங்களையே கண்டது. ஆயினும் கொட்டகைகள் ஊமையாக இருந்ததில்லை. திரைக்கு அருகே ஒருவர் பியானோ வாசிப்பார். சில இடங்களில் வாத்தியக் குழுவே இருக்கும். சப்பான் நாட்டில் இதனினும் ஒருபடி மேலே சென்றார்கள். அங்கே ‘பென்ஷி’ எனப்பட்ட கதைசொல்லிகள் திரையின் ஓரத்தில் நின்று, கதையை விளக்கி, எல்லாப் பாத்திரங்களுக்கும் தாமே குரல் கொடுத்தார்கள். நடிகரின் பெயருக்காக மட்டுமன்றி, ‘இன்ன பென்ஷி பேசுகிறார்’ என்பதற்காகவே மக்கள் திரண்ட காலம் அது. நம் நாட்டிலும் ஊமைப்படத்திற்கு விளக்கம் சொல்வோர் இருந்தனர். படம் வாய் திறக்குமுன்பே அதற்கு ஒரு மனிதக் குரல் வேண்டும் என்று மக்கள் உணர்ந்துவிட்டார்கள் என்பதை இதனால் அறியலாம்.

1927-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தபின் பேசும் படம் வேரூன்றியது. 1931-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியில் ‘ஆலம் ஆரா’வும், அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் தமிழில் ‘காளிதா’சும் வெளிவந்தன. ‘காளிதாஸ்’ படத்தில் தலைவி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். தலைவனோ தெலுங்கில் பேசினார். ஆயினும் மக்கள் அதை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். திரையிலிருந்து தம் மொழி ஒலித்ததே அவர்களுக்குப் பெரும்பேறாக இருந்தது.

இனி, படத்தில் ஒலி நம்மை எவ்வெவ்வாறு பிணைக்கிறது என்பதைப் பார்ப்போம். முதலாவது, பின்னணிக் குரல். பேசுபவரின் வாய் திரையில் அசையாமல், காட்சியின்மேல் ஒலிக்கும் குரல் அது. இதில் இருவகை உண்டு. கதைக்கு வெளியே நின்று பேசும் குரல் ஒன்று. கதைக்குள் இருப்பவனே தன் கதையைச் சொல்லும் குரல் மற்றொன்று.

முதல் வகைக்கு அகிரா குரோசாவா 1952-ஆம் ஆண்டு எடுத்த ‘இகிரு’ என்னும் சப்பானியப் படத்தைச் சான்றாகக் கூறலாம். ‘வாழ்தல்’ என்பது அச்சொல்லின் பொருள். படம் தொடங்கும்போது திரையில் தெரிவது ஒரு மனிதனின் முகம் அன்று. ஒரு வயிற்றின் எக்ஸ்ரே படம். இது நம் கதைத்தலைவனின் வயிறு, இதில் புற்றுநோய் இருக்கிறது, அவருக்கு இன்னும் தெரியாது என்று ஒரு குரல் அமைதியாகச் சொல்கிறது. அதன்பின்னரே அலுவலகத்தில் தாள்களில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் முதியவரைக் காண்கிறோம். பல ஆண்டுகளாக அவர் உயிரோடு இருந்தும் வாழவில்லை என்று அக்குரல் கூறுகிறது. அதில் இரக்கம் இல்லை. ஏறக்குறைய ஏளனமே தொனிக்கிறது. இதனால் விளைவது யாது? அவர் அறியாத ஒன்றை நாம் அறிந்துவிட்டோம். அக்குரல் இரங்க மறுத்ததால், இரங்கும் பொறுப்பு நம்மேல் விழுந்துவிட்டது. குரோசாவாவின் அண்ணன் ஊமைப்படக் காலத்தில் பென்ஷியாகப் பணிபுரிந்தவர். படங்களின் அருமையைத் தமக்குக் காட்டியவர் அவரே என்று குரோசாவா நன்றியோடு எழுதியிருக்கிறார். திரையோரத்தில் நின்ற அந்தப் பழைய கதைசொல்லியின் நிழல் ‘இகிரு’வின் குரலிலும் படிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் வகைக்குப் பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிரெசோன் 1956-ஆம் ஆண்டு எடுத்த படம் தக்க சான்று. ‘மரண தண்டனை பெற்ற ஒருவன் தப்பிவிட்டான்’ என்பது அதன் பெயர். பிரான்சு நாடு செருமானியர் பிடியில் இருந்த காலத்தில், 1943-ஆம் ஆண்டு, லியோன் நகரத்து மோன்லுக் சிறையிலிருந்து ஆந்திரே தெவீஞி என்ற விடுதலை வீரர் தப்பியது உண்மை நிகழ்ச்சி. அதனைத் தழுவியது இப்படம். பிரெசோனும் போர்க்கைதியாகச் சிறையில் இருந்தவரே. ‘தப்பிவிட்டான்’ என்று தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. பின் நம்மை இருக்கையில் கட்டிவைப்பது எது?

கைதியின் குரல்தான். தான் செய்தவற்றை அவன் இறந்தகாலத்தில், ஆரவாரமின்றி, கணக்கு ஒப்பிப்பவனைப்போலச் சொல்லிக்கொண்டு போகிறான். இரும்புக் கரண்டியைத் தேய்த்துக் கூராக்கியது, கதவுப் பலகைகளின் இணைப்பைச் சுரண்டியது, துணியைக் கிழித்துக் கயிறு திரித்தது ஆகிய அனைத்தையும் அப்படியே கூறுகிறான். ‘அஞ்சினேன்’ என்று கதறுவதில்லை. ‘என்னைப் பாருங்கள்’ என்று வேண்டுவதில்லை. நம்மை நம்பித் தன் இரகசியத்தைச் சொல்பவனின் குரல் அது. ஒருவர் நம் காதருகே வந்து தாழ்ந்த குரலில் ஒன்றைச் சொன்னால், அதைக் காக்கும் கடமை நமக்கு வந்துவிடுகிறது அன்றோ? அவ்வாறே அவனுடைய கூட்டாளிகளாக நாம் ஆகிவிடுகிறோம்.

இரண்டாவதாக, சுற்றுப்புற ஒலி. அதே படத்தில் இதன் ஆற்றலையும் காணலாம். சிறைக்கூடம் மிகச் சிறியது; அதற்குள் காண்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. காவலரின் காலணி ஓசை, சாவிகளின் ஓசை, அடுத்த அறைக்காரன் சுவரில் தட்டும் ஓசை, தெருவில் டிராம் வண்டி போகும் ஓசை, தொலைவில் இரயிலின் கூவல், யாரையோ சுட்டுக்கொல்லும் துப்பாக்கி ஒலி ஆகிய எல்லாம் கேட்கின்றன. கைதிக்கு உலகம் காதின் வழியாகவே வருகிறது. நமக்கும் அப்படியே வரும்படி பிரெசோன் செய்துவிட்டார். தப்பும் இரவில் கூரைமேல் பரப்பிய சரளைக்கல் காலடியில் நறநறக்கிறது. இரயில் கடக்கும் ஓசையில் அவ்வொலி அமுங்கும் நேரம் பார்த்து ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கிறார்கள். மதிலருகே கிறீச் கிறீச்சென்று ஓர் ஒலி. அது என்னவென்று கைதிக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. பிறகுதான் அது காவலனின் மிதிவண்டி என்று புலனாகிறது. அந்தச் சில கணங்களில் நாம் அவனைப் பார்ப்பதில்லை. அவனாகவே இருந்து கேட்கிறோம். கண்ணால் அவனைக் கண்டுகொண்டே இருந்திருந்தால் இந்த ஒன்றுதல் நேர்ந்திராது.

சுற்றுப்புற ஒலிக்கும் உள்ளத்து உணர்வுக்கும் உறவு உண்டென்பது தமிழ் மாணவராகிய உங்களுக்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை வகுத்தபோது, உணவையும் மரத்தையும் விலங்கையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பறவையைச் சொன்னார், பறையைச் சொன்னார், யாழையும் சொன்னார். குறிஞ்சியின் பறை வேறு, நெய்தலின் பறை வேறு. எந்த ஒலியின் நடுவே ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது தெரிந்தால்தான் அவள் ஏக்கத்தின் நிறம் நமக்குத் தெரியும் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

இன்று இத்துறைக்கு ‘சவுண்ட் டிசைன்’ என்று பெயர். நாம் ஒலி வடிவமைப்பு என்கிறோம். 1979-ஆம் ஆண்டு வெளிவந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ என்னும் அமெரிக்கப் படத்தில் வால்ட்டர் மர்ச் செய்த பணி இப்பெயர் பரவுவதற்குப் பெரிதும் காரணமாயிற்று. அப்படத்தின் தொடக்கத்தில் ஒரு படைவீரன் சைகோன் நகர விடுதியறை ஒன்றில் படுத்திருக்கிறான். மேலே மின்விசிறி சுழல்கிறது. காதில் விழுவதோ எலிகாப்டரின் ஒலி. உடல் கட்டிலில் கிடக்கிறது, மனம் போர்க்களத்தில் கிடக்கிறது என்பதைச் சொல்ல ஒரு பக்க உரையாடல் வேண்டியிராத வகையில் அவ்வொலி சொல்லிவிட்டது.

மூன்றாவதாக, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒலிக்கச் செய்யும் முறை. இதற்குச் சத்யஜித் ராய் 1955-ஆம் ஆண்டு அளித்த ‘பதேர் பாஞ்சாலி’யைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. வங்காளச் சிற்றூர்ச் சிறுமி துர்கா நோயில் இறந்துவிடுகிறாள். பொருள் தேடி வெளியூர் சென்றிருந்த தந்தை, அதை அறியாமல் வீடு திரும்புகிறார். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். மகளுக்கென்று வாங்கிய சேலையையும் நீட்டுகிறார். அதுவரை கல்லாய் நின்ற தாய் உடைந்துபோகிறாள். அவள் வாய் திறந்து அழுவதைக் காண்கிறோம்; ஆனால் அழுகுரலைக் கேட்பதில்லை. அக்குரலின் இடத்தில் இரவிசங்கரின் இசையமைப்பில் தார் ஷெனாய் என்னும் நரம்புக் கருவி உச்சத்தில் வீறிடுகிறது. ஒரு தாயின் அழுகுரலைக் கேட்டிருந்தால் அது அந்த ஒருத்தியின் அழுகையாக இருந்திருக்கும். குரலை எடுத்துவிட்டு இசையை வைத்ததால், பிள்ளையைப் பறிகொடுத்த தாயர் அனைவரின் அழுகையும் அதில் வந்து சேர்ந்துவிட்டது. வங்காளி தெரியாத நாம் அதைக் கேட்டுக் கண்கலங்குகிறோம். எந்த நாட்டாரும் கலங்குவர். அதே படத்தில், நாணல் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் தந்திக்கம்பத்தில் காதை வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்கும் காட்சியும் உண்டு. தாங்கள் காணாத பெரிய உலகம் ஒன்று எங்கோ இருக்கிறது என்பதை அப்பிள்ளைகள் இரயிலைக் கண்ணால் காணுமுன்பே காதால் அறிந்துகொள்கிறார்கள்.

நான்காவது, மௌனம். ஒலியின் இல்லாமையும் ஒலியமைப்பின் ஒரு பகுதியே. முன்பு சொன்ன ‘இகிரு’வில், தமக்கு வந்திருக்கும் நோய் இன்னதென்று உணர்ந்த முதியவர் மருத்துவமனையை விட்டு வெளியேறித் தெருவில் நடக்கிறார். பரபரப்பான நகரத்துத் தெரு. ஆனால் ஒலியே இல்லை. அவர் காதுக்கு எதுவும் எட்டவில்லை. ஆகவே நமக்கும் எட்டவில்லை. சாலையைக் கடக்க முற்படும்போது ஒரு லாரி பேரிரைச்சலோடு பாய்ந்து செல்கிறது. உடனே நகரத்தின் ஓசை அனைத்தும் ஒருங்கே வந்து மோதுகிறது. தன் சாவை அறிந்தவனுக்கும் உலகத்திற்கும் இடையே எழுந்த சுவரை இதனினும் தெளிவாக யாரால் காட்ட முடியும்? நம் அகநானூற்றிலும் ஒரு தலைவன் உண்டு. அவன் தேரில் விரைந்து வரும்போது, பூவில் தேனுண்ணும் வண்டுகள் தன் தேர்மணியின் ஓசையால் மருளுமே என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். ஒலியாத அந்த மணியைக் கொண்டே அவன் நெஞ்சின் ஈரத்தைப் புலவர் நமக்குக் காட்டிவிடுகிறார்.

இத்தனையும் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றன என்பதையும் ஒருசிறிது கூறவேண்டும். படப்பிடிப்பின்போது கேட்ட ஒலிகள் பல அப்படியே படத்தில் வருவதில்லை. பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில், திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே, காலடி ஓசையையும் துணி உரசும் ஓசையையும் பாத்திரம் வைக்கும் ஓசையையும் ஒருவர் தம் கைகால்களால் எழுப்புவார். ஆலிவுட்டில் 1920-களின் இறுதியில் இம்முறையை வளர்த்த ஜாக் ஃபோலியின் பெயரால் இது ஃபோலி கலை எனப்படுகிறது. கொட்டாங்கச்சி குதிரைக் குளம்பாகும் வித்தை வானொலி நாடகத்தாரும் அறிந்ததே. உரையாடல், சுற்றுப்புற ஒலி, இசை என்று தனித்தனியாகப் பதிந்தவற்றை இறுதியில் ஒலிக்கலவையாளர் அளவறிந்து ஒன்றாக்குகிறார். இவர்கள் எவரும் திரையில் தோன்றுவதில்லை. கேரளத்தைச் சேர்ந்த ரெசூல் பூக்குட்டி 2009-ஆம் ஆண்டு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கலவைக்காக இருவரோடு சேர்ந்து ஆஸ்கர் விருது பெற்றபோதுதான், இப்படியும் ஒரு தொழில் உண்டென்பதை நம்மில் பலர் அறிந்தோம்.

இவ்வளவு ஆற்றல் வாய்ந்த கருவி தீங்கும் செய்ய வல்லது. பிரெஞ்சுக்காரரான கிறிஸ் மார்க்கர் 1957-ஆம் ஆண்டு எடுத்த ‘சைபீரியாவிலிருந்து ஒரு கடிதம்’ என்னும் ஆவணப்படத்தில் ஒரு சோதனை செய்து காட்டினார். யாக்குட்சுக் நகரத் தெரு ஒன்றில் ஒரு பேருந்தும் காரும் ஒன்றையொன்று கடக்கின்றன. தொழிலாளர் சாலை செப்பனிடுகிறார்கள். ஒருவர் நடந்து போகிறார். இதே காட்சியை மூன்று வேறு பின்னணி உரைகளோடு காட்டினார். புகழ்ந்து பேசும் உரையோடு பார்த்தால் அது செழிப்பான நகரம். பழித்துப் பேசும் உரையோடு பார்த்தால் அதுவே துயரம் நிறைந்த நகரம். நடுநிலையாகப் பேச முயலும் உரையோடு பார்த்தால் இன்னொரு நகரம். படம் ஒன்றுதான், குரல் மாறியதும் நம் கண் கண்டதே மாறிவிட்டது. இன்று உங்கள் கைப்பேசிக்கு நாள்தோறும் எத்தனையோ சிறுபடங்கள் வருகின்றன. எங்கோ என்றோ எடுத்த காட்சிக்கு உருக்கமான குரலையும் சோக இசையையும் சேர்த்துவிட்டால், பார்ப்பவர் சினம் கொள்கிறார், கண்ணீர் வடிக்கிறார், ஆராயாமல் பிறருக்கும் அனுப்புகிறார். ஒருவர் பேசாத சொல்லை அவர் குரலிலேயே கணிப்பொறி பேசும் காலமும் வந்துவிட்டது. ஆகவே உள்ளம் உருகும் வேளையில், என்னை உருக்கியது நான் கண்ட காட்சியா, அதன்மேல் ஒலித்த குரலா என்று ஒருமுறை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். உருகுவது தவறன்று. எதனால் உருகினோம் என்று அறியாமல் இருப்பதே தவறு.

பள்ளியில் பணியாற்றிய காலத்தில், சில நாள்களில் மாணவர்களை இரண்டு நிமிடம் கண்மூடி அமரச் செய்து, கேட்டவற்றை எழுதச் சொல்வது என் வழக்கம். பலரும் காகம், மணி, பேருந்து என்று எழுதுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி, ‘அடுத்த வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியையின் குரலில் இன்று களைப்பு இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் ஒலியைக் கேட்டார்கள். அவளோ ஒரு மனிதரைக் கேட்டாள். நல்ல படங்கள் நமக்குப் பழக்குவது இந்தக் கேட்டலைத்தான்.

உங்களில் பலர் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். வீட்டிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைத்து, ‘இங்கே எல்லாரும் சௌக்கியம், நீ நன்றாகச் சாப்பிடு’ என்று சொல்லுவார். சொல் ஒன்று சொல்லும். குரல் வேறொன்று சொல்லும். சொல்லுக்கு முன் அவர் விட்ட மூச்சு, சொல்லுக்குப் பின் நேர்ந்த சிறு மௌனம், பின்னால் கேட்கவேண்டிய தந்தையாரின் குரல் அன்று கேட்காதது ஆகியவற்றையும் கேட்கப் பழகிய காது உங்களுக்கு வாய்க்குமானால், ‘என்னம்மா, என்ன ஆயிற்று?’ என்று கேட்க உங்களுக்குத் தோன்றும். திரையில் வரும் முன்பின் அறியாத கைதிக்காகக் காதைத் தீட்டிக்கொண்ட நாம், நம்மோடு வாழ்பவர்களுக்காகவும் அதைத் தீட்டிக்கொள்ளலாம் அன்றோ? கலையைக் கற்பதன் பயன் அதுவே என்று கூறி, இந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.